பர்சாத்தி: குதிரைக்கு வரும் மழைப்புண்

ஆங்கிலக் கால்நடை மருத்துவ நூல்களில் ஏறி உட்கார்ந்துவிட்ட இந்திச் சொல் பர்சாத்தி. பர்சாத் என்றால் மழை, மழைக்காலம். வடமொழி வர்ஷம்தான் இதன் வேர். நம் வருஷமும் அங்கிருந்து வந்ததே. மழைக்காலத்தில் குதிரையின் கால், அடிவயிறு, மார்பு போன்ற இடங்களில் தோன்றி, ஆறாமல் பரவும் புண்ணுக்கு வட இந்தியாவில் வழங்கிய பெயர் இது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் குதிரை மருத்துவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

புண்ணைக் கிளறினால் மஞ்சளும் சாம்பலும் கலந்த, பவளம்போல் கிளைவிட்ட கட்டிகள் வரும். ஆங்கிலத்தில் இவை 'கங்கர்'. அதுவும் இந்திதான்: கங்கர் என்பது மண்ணில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல். தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் தயாராகவே இருக்கிறது, சுக்கான்கல். புண்ணுக்குள் சுக்கான்கல் என்றால் யாருக்கும் புரியும். அரிப்பு தாங்காமல் குதிரை தன் புண்ணைத் தானே கடித்துக்கொள்ளும்.

பருவத்தை வைத்துப் பெயர் சூட்டினால் ஒரு வம்பு உண்டு. அதே பருவத்தில் வரும் வேறு புண்ணும் அந்தப் பெயருக்குள் நுழைந்துவிடும். இரைப்பைப் புழுவின் இளம்புழுக்களை ஈக்கள் காயத்தில் விட்டுப்போவதால் வரும் புண்ணையும் பர்சாத்தி என்றே எழுதிவைத்தார்கள். இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு.

சரி, உண்மையான பர்சாத்திக்குக் காரணம் என்ன? நுண்ணோக்கியில் நூலிழைகள் தெரிந்ததால் பூஞ்சை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1987இல்தான் அந்த உயிரிக்கு பித்தியம் இன்சிடியோசம் என்ற பெயர் வந்தது. பித்தியம், அழுகலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்தது. நம் பித்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இஞ்சிக் கிழங்கையும் நாற்றங்காலில் இளநாற்றையும் அழுகவைப்பவை இதே இனத்தின் பங்காளிகள்.

இது பூஞ்சையே அல்ல. பழுப்புப் பாசிகளுக்கு நெருக்கமான நீர்வாழ் உயிரி. தேங்கிய நீரில் நீந்தும் வித்துகளை வெளிவிடும்; நீரில் நிற்கும் குதிரையின் காயத்தில் அவை ஒட்டிக்கொள்ளும். குதிரைக்குக் குதிரை தொற்றாது. பூஞ்சை மருந்துகள் பல, பூஞ்சையின் செல்சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைக் குறிவைப்பவை. இதன் சவ்வில் அது மிகக் குறைவு என்பதால் அவை சரியாக வேலைசெய்வதில்லை. புண் சிறிதாக இருக்கும்போதே முழுவதுமாக வெட்டி எடுப்பது நல்ல வழி. நோயெதிர்ப்பைத் தூண்டும் ஊசியும் உண்டு.

ஆகவே 'குதிரைப் பூஞ்சை நோய்' என்ற மொழிபெயர்ப்பு வேண்டாம். பழைய சொல்லுக்கு மழைப்புண் போதும், ஆனால் அது பொதுப்பெயராகவே நிற்கட்டும். குறிப்பிட்ட இந்த நோயைச் சொல்ல 'பித்தியம் புண்' என்று எழுதலாம்.