நாப்பத்தி மூணு பிளகினும் வராத ஒரு மெயிலும்

ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுகளுக்கு வெப்சைட் பண்ணிக் கொடுக்குறதுதான் என் பொழப்பு. "சைட்டு ரொம்ப ஸ்லோவா இருக்கு, என்னன்னு பாருங்க"ன்னு யாராவது லாகின் கொடுத்தா நான் முதல்ல திறக்குறது பிளகின் பக்கத்தைத்தான். பிளகின்னா, வேர்ட்பிரஸ்ங்கிற வெப்சைட் மென்பொருள்ல கூடுதல் வசதிக்காகச் சேர்க்குற குட்டி புரோகிராம். சமீபத்துல பாத்த ஒரு சைட்டுல 43 பிளகின், கூகுள் தேடல்ல நல்லா வர்றதுக்கான எஸ்இஓ-க்கு ரெண்டு, பக்கத்தோட காப்பியை வச்சிருந்து வேகமா காட்டுற கேஷுக்கு மூணு, படங்களை மாத்தி மாத்தி ஓட்டுற ஸ்லைடர் மட்டும் நாலு. விக்கிறதுக்கு இருந்த வீடு 18!

ஓனருக்கு ஸ்பீடுதான் கவலை. எனக்கு உறுத்துனது வேற. சைட்டுல இருக்குற விசாரணை ஃபார்ம் வழியா மாசத்துக்கு எத்தனை பேர் எழுதுறாங்கன்னு கேட்டேன், "அதுல யாரும் எழுதுறதே இல்ல சார், எல்லாம் போன்தான்"னு சொன்னார். சரி பாப்போம்னு நானே என்னோட ஜிமெயில் ஐடி போட்டு, வீடு பாக்க வரலாமான்னு எழுதி அனுப்புனேன். 'நன்றி, விரைவில் தொடர்பு கொள்வோம்'னு பச்சைக் கலர்ல அழகா வந்துச்சு, அவரோட மெயில்பாக்ஸ்ல ஒண்ணும் வரல, ஸ்பேம்ல கூட இல்ல.

நடந்தது என்னன்னா, அந்த ஃபார்ம்ல அனுப்புநர் முகவரியா, யார் எழுதுறாங்களோ அவங்க மெயில் ஐடியையே செட் பண்ணி வச்சிருந்தாங்க. ஜிமெயில் பேர்ல ஒரு கடிதம் சம்பந்தமே இல்லாத ஒரு ஹோஸ்டிங் சர்வர்லேர்ந்து போனா, மெயிலை வாங்குற சர்வர், அனுப்புனவர் நிஜமான்னு பாக்குற எஸ்பிஎஃப், டிமார்க்ங்கிற சோதனைகளைப் பண்ணிட்டு போலின்னு முடிவு கட்டிடும். அனுப்புநர் சைட்டோட சொந்த டொமைன் ஐடியா இருக்கணும், கேக்குறவங்க ஐடி பதில் போக வேண்டிய 'ரிப்ளை டு'ல போகணும், மெயில் எஸ்எம்டிபி பிளகின் வழியா மெயில் சர்வர்ல முறையா லாகின் பண்ணிப் போகணும், அவ்வளவுதான் விஷயம், அரை மணி நேர வேலை. இன்னொண்ணு, நிறைய பேர் போட்டிருக்குற கான்டாக்ட் ஃபார்ம் 7-ங்கிற ஃபார்ம் பிளகின், வந்த மெசேஜை தானா சேமிச்சு வைக்காது. மெயில் தொலைஞ்சா மெசேஜும் தொலைஞ்ச மாதிரிதான். அதை எழுதுனவரே ஃபிளமிங்கோன்னு ஒரு பிளகின் கொடுத்திருக்கார், அதைப் போட்டா டாஷ்போர்டுலயே ஒரு காப்பி நிக்கும். அந்த ஓனர்கிட்ட எத்தனை பேர் எழுதிட்டு பதில் வராம வேற ஏஜென்ட்கிட்ட போனாங்களோ, அதை இனிமே கண்டுபிடிக்க வழியே இல்ல.

அடுத்தது போட்டோ. வீடு விக்கிற சைட்டுல பாரமே இதுதான், ஒரு லிஸ்டிங்குக்கு இருபது முப்பது படம், எல்லாம் கேமராவிலேர்ந்து அப்படியே ஏத்துனது. வேர்ட்பிரஸ் 2019-ல வந்த 5.3-லேர்ந்து 2560 பிக்சலுக்கு மேல உள்ள படத்தை அதுவே சின்னதாக்கிக்குது, 2020-ல 5.5-ல லேசி லோடு, அதாவது உருட்டி அங்க வரும்போதுதான் படத்தை இறக்குற வசதி, வந்துருச்சு, 2021-ல 5.8-ல வெப்பிங்கிற சைஸ் குறைஞ்ச பட ஃபார்மேட்டும் ஏத்தலாம்னு ஆச்சு. அதனால படத்தை அமுக்குறதுக்கு ஒரே ஒரு பிளகின் போதும். லேசி லோடுக்குன்னு தனியா இன்னொண்ணு போட்டு, அது பக்கத்தோட மேல் பகுதியில இருக்குற முதல் படத்தையும் தள்ளிப் போட்டுட்டா, பெரிய படம் 2.5 செகண்டுக்குள்ள தெரியணும்னு கூகுள் வச்சிருக்குற அளவுல கரெக்டா அங்கதான் அடி வாங்குவோம். ஸ்லைடர் நாலையும் தூக்கிட்டேன், ஒரு நல்ல வாசல் படம் போதும்.

இங்க யாரும் யோசிக்காத ஒண்ணு இருக்கு. போன்ல லொகேஷன் ஆன் பண்ணி எடுத்த போட்டோவுக்குள்ளயே அந்த இடத்தோட ஜிபிஎஸ் பதிஞ்சிருக்கும், வேர்ட்பிரஸ் படத்தைச் சின்னதாக்குனாலும் ஒரிஜினல் ஃபைல் சர்வர்ல அப்படியேதான் கிடக்கும். முகவரி போடாதீங்கன்னு சொன்ன ஒரு வீட்டுக்காரர், இன்னும் குடும்பத்தோட அங்கயே குடியிருக்கார்னு வைங்க, அவர் வாசல் எதுன்னு நாமளே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிடும். ஏத்துறதுக்கு முன்னாடியே அந்தத் தகவலை அழிச்சுருங்க.

கேஷ் பிளகின் ஒண்ணுக்கு மேல போடாதீங்க, பேஜ் கேஷ் பண்றதெல்லாம் அட்வான்ஸ்டு-கேஷ்னு ஒரே பேர்ல உள்ள ஃபைலுக்குத்தான் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கும். அப்புறம் விலை விவகாரம். விலையைக் குறைச்சிருப்பீங்க, வீட்டோட பக்கத்துல புது விலை வந்துரும், ஆனா ஹோம் பேஜ்லயும் தேடல் பக்கத்துலயும் பழைய விலை கேஷ்ல உக்காந்திருக்கும். மொத்தமா இம்போர்ட் பண்ணும்போது இது இன்னும் மோசம். வாங்க வந்தவர் ரெண்டு விலையைப் பாத்தா ஏஜென்ட் மேலதான் சந்தேகப்படுவார், கேஷ் மேல இல்ல.

வித்துப் போன வீட்டை டெலீட் பண்றதும் எல்லாரும் செய்யிற தப்பு. அந்தப் பக்கத்துக்கு வெளியிலேர்ந்து லிங்க் இருக்கும், கூகுள்ல வந்துட்டு இருக்கும், வர்றவங்களுக்கு 'பக்கம் இல்லை'ங்கிற 404 காட்டுறோம். 'விற்றாச்சு'ன்னு போட்டு கீழ அதே ஏரியாவுல உள்ள மத்த வீடுகளைக் காட்டுங்க. எடுத்தே ஆகணும்னா ரீடைரெக்‌ஷன் பிளகின் வச்சு அந்த ஏரியா பக்கத்துக்கு 301 கொடுங்க, அதாவது நிரந்தரமா அங்க திருப்பி விடுங்க. எல்லாத்தையும் ஹோம் பேஜுக்குத் தள்ளிவிட்டா கூகுள் அதையும் காணாமப் போன பக்கமாத்தான் எடுத்துக்கும்.

எஸ்இஓ பிளகின் ரெண்டு இருந்தா கூகுளுக்குன்னு எழுதுற சின்ன விவரமான டிஸ்கிரிப்ஷன் ஒரே பக்கத்துக்கு ரெண்டா போகும், ஒண்ணை எடுத்துருங்க, எதை எடுத்தாலும் சரி.

வீடுகளைப் பட்டியல் போடுற லிஸ்டிங் பிளகின் மட்டும் நிதானமா தேர்ந்தெடுங்க. ஒவ்வொண்ணும் வீட்டு விவரத்தை அதுக்குன்னு ஒரு வகைல சேமிக்கும், நாளைக்கு வேறதுக்கு மாறலாம்னு பழசை ஆஃப் பண்ணா டேட்டா டேட்டாபேஸ்லயே இருக்கும், ஆனா மெனுவுல ஒரு வீடும் தெரியாது, பக்கத்துல, பட்டியலைக் காட்டச் சொல்லி எழுதுன ஷார்ட்கோடுங்கிற குறிப்பு மட்டும் அடைப்புக்குறியோட பல்லை இளிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி எல்லா விவரத்தையும் எக்செல்ல திறக்கக்கூடிய சிஎஸ்வி ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ண வழி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.

"ஃப்ரீதானே, இருந்துட்டுப் போகட்டும்"னு ஓனர் சொன்னப்ப நான் அவருக்கு 2017-ல நடந்ததைச் சொன்னேன். டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்னு ஒரு சாதாரண பிளகின், 2 லட்சம் சைட்டுல ஓடிட்டு இருந்துச்சு, எழுதுனவர் அதை வித்துட்டார். வாங்குன ஆள் அப்டேட்டுல ஒரு கள்ளக் கதவை வச்சு அனுப்பி, அந்த சைட்டுகள்ல ஸ்பேம் பக்கங்களை ஏத்துனார், அதுவும் லாகின் பண்ணியிருக்குற ஓனர் கண்ணுக்குத் தெரியாத மாதிரி. வேர்ட்பிரஸ் அதைத் திரும்பத் திரும்ப நீக்க வேண்டியதாச்சு. நல்ல பிளகின்னு நம்பிப் போட்டவங்கதான் அத்தனை பேரும்.

அதுக்கப்புறம் அவர் எதுவும் பேசல. பேக்கப் எடுத்துட்டு, சைட்டோட ஒரு காப்பியில ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாத்து, தேவையில்லாததை டீஆக்டிவேட்டோட விடாம டெலீட்டே பண்ணேன், ஏன்னா ஆஃப் பண்ணாலும் கோடு சர்வர்லதான் கிடக்கும். 12 மிச்சம். மறுநாள் காலைல ஃபார்ம் வழியா ஒரு விசாரணை வந்திருக்குன்னு போன் பண்ணார், நான்தான் டெஸ்ட்டுக்கு அனுப்புனேன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.