லொக் என்றால் சம்பவத் திரட்டு

மட்டக்களப்பில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அதிபரிடம் ஒரு சம்பவத் திரட்டுப் புத்தகம் இருக்கும். கல்வி அதிகாரி வந்தது, வெள்ளத்தால் பள்ளிக்கூடம் மூடியது எல்லாம் திகதியோடு அதில் ஏறும். ஆங்கிலத்தில் அது லொக் புத்தகம். நெட்வேர்க் வேலை செய்கிற நாங்கள், கருவிகள் தாமே எழுதிவைக்கும் குறிப்புகளைப் பற்றி "லொக் பார்த்தியா?" என்று கேட்பதும் இதே சொல்தான்.

லொக் என்றால் முதலில் மரக்கட்டை. பாய்க்கப்பல் காலத்தில் கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் போடுவார்கள். கட்டை நின்ற இடத்தில் மிதக்கும், கப்பல் முன்னே போகும், கயிறு உருண்டோடும். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள். மணற்குடுவை வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியதோ, அதுதான் வேகம். கப்பல் வேகத்தை இன்றும் 'நொட்' என்பது, அதாவது முடிச்சு என்பது, அதனால்தான். எண்ணியதை எழுதிய ஏடு லொக் புத்தகம் ஆனது. பிறகு எழுதிய குறிப்பே லொக் ஆனது. 1980களில் எரிக் ஓல்மன் செண்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக, லொக் செய்திகளை அனுப்பும் சிஸ்லொக் முறையை உருவாக்கினார். கணினிகளை நெட்வேர்க்கில் இணைக்கும் சுவிட்ச்களும் இன்று அதே முறையில்தான் செய்தி அனுப்புகின்றன.

தமிழில் பலர் 'பதிவு' என்கிறார்கள். காணிப் பதிவும் பதிவு, கலியாணப் பதிவும் பதிவு, குழப்பம்தான். 'பதிகை' சுருக்கமான நல்ல சொல். ஆனாலும் என் தெரிவு சம்பவத் திரட்டு. வடசொல் வேண்டாம் என்றால் நிகழ்வுத் திரட்டு. பல இடத்துச் செய்தியை ஓரிடத்தில் சேர்ப்பதுதானே திரட்டுவது? தொலைவில் உள்ள கணினிக்கு லொக் அனுப்புவதும் அதுவேதான். அதைத் தொலைத் திரட்டு என்பேன்.

அதன் அருமை கல்லடியில் ஒரு அலுவலகத்தில் புரிந்தது. மழை நாளில் கரண்ட் போய் வந்தது. சுவிட்ச் தன் லொக்கை, கரண்ட் போனால் அழிந்துவிடும் சிறு நினைவகத்தில்தான் வைத்திருந்தது. போய்ப் பார்த்தால், மீண்டும் இயங்கிய பிறகு எழுதிய நாலு வரிதான் மிச்சம். காலையிலிருந்து ஒரு போர்ட், அதாவது கம்பி செருகும் வாய், ஏன் விழுந்து விழுந்து எழும்பியது என்பது அதோடு போயிற்று. அன்றே ஒரு பழைய கணினியைத் திரட்டுச் சேவையகமாக்கினேன். சுவிட்சில் 'லொக்கிங் ஹோஸ்ட்' என்று போட்டு அதன் ஐபி முகவரியைக் கொடுத்தால் சிஸ்லொக்குக்கு வழக்கமான யூடிபி 514 என்ற போர்ட் எண் வழியாகச் செய்திகள் வரத் தொடங்கும்.

ஆனால் கடிகாரத்தைக் கவனியுங்கள். சிஸ்கோ நிறுவனத்தின் சுவிட்ச்கள் பலவற்றில், நேரத்தை ஒத்திசைக்காவிட்டால், இயங்கத் தொடங்கும்போது திகதி 1993 மார்ச் 1 ஆக இருக்கும். வரியின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறியும் விழும். பத்து சுவிட்ச் இப்படி அனுப்பினால் எது முந்தியது, எது பிந்தியது என்று எப்படிப் பார்ப்பது? திகதி பிழைத்த சம்பவத்தை எந்த அதிபரும் திரட்டில் ஏற்றமாட்டார். முதலில் நெட்வேர்க் வழியாக நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி, அப்புறம் லொக்கிங் ஹோஸ்ட்.