மலையேறும் சைக்கிளின் கணக்கு

போடிநாயக்கனூரோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்கு மேற்கே மலைதான். முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் கேரளத்து ஏலத்தோட்டங்கள். தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கின் கடைசியில் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஒரு பாதை. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு இன்னொன்று. தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஜீப்புகள் விரையும் இந்தச் சாலைகளில் பைகளைக் கட்டிய சைக்கிளோடு ஏறுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர்?" என்பதைத்தான். கேட்க வேண்டியது "எத்தனை மீட்டர் உயரம்?" என்பதை.

சாலை எத்தனை முறை வளைந்தாலும், நேராகப் போனாலும், உயரத்துக்காகச் செலவாகும் ஆற்றல் மாறுவதில்லை. எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் விடை வந்துவிடும். ஓட்டுபவர், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 95 கிலோ, ஏற வேண்டிய உயரம் சுமார் 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 9.3 லட்சம் ஜூல் தேவை. இதே கணக்கின் மறுபக்கத்தை லோயர் கேம்ப்பில் கண்ணால் பார்க்கலாம். 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்து, சரிவில் பதிந்த பெருங்குழாய்களில் இறங்கி மின்நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுகிறது. இறங்கும் ஒவ்வொரு லிட்டர் நீரும் எந்த ஆற்றலை இழக்கிறதோ, அதே உயரம் ஏறும் நம் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் அதே ஆற்றலை நாம் கால்களால் ஊட்டியாக வேண்டும்.

டயர் உருள்வதற்கான செலவையும் சேர்த்தால் 20 கிலோமீட்டர் பாதையில் மொத்தம் 10 லட்சம் ஜூலைத் தாண்டும். உண்ட உணவில் ஏறத்தாழ கால் பங்குக்கும் குறைவானதையே தசைகள் இயக்கமாக மாற்றுகின்றன. ஆகவே 1,100 கிலோ கலோரி அளவுக்கு உணவு எரியும். கிட்டத்தட்ட 850 கிராம் சோறு. மீதி முக்கால் பங்கும் வெப்பம். மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் காற்றே படாது என்பதால் அந்த வெப்பம் வியர்வையாகத்தான் வெளியேற வேண்டும். மூன்று மணி நேர ஏற்றத்துக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் இதற்கே போய்விடும். உச்சிக்குப் போகப் போகக் குளிர்கிறதே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வது தவறு.

இனி கியர். சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் எடை குறைந்த வண்டிக்காகப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 95 கிலோவில் ஒரு கிலோ குறைந்தால் உழைப்பில் மிச்சமாவது ஒரு சதவீதம். பின்சக்கரத்துப் பல்சக்கரம் தரும் உதவியோ பல மடங்கு. 5 சதவீத ஏற்றத்தை, அதாவது 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையை, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 7 கிலோமீட்டர் வேகத்துக்கு 100 வாட் அளவில் திறன் வேண்டும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் கொண்ட சாதாரணச் சைக்கிளில் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகர்கிறது. ஆகவே அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 22 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக 26 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வேண்டும். பெடல் மேலும் கீழும் திரும்பும் இடங்களில் விசை ஏறக்குறைய இல்லாததால், கால் இறங்கும்போது அந்த அழுத்தம் இன்னும் கூடுதலாகவே தேவைப்படும். முழங்கால் முதலில் முறையிடுவது இங்கேதான்.

முன்னால் 26 பல், பின்னால் 34 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு வண்டி 1.6 மீட்டர் மட்டுமே நகரும். நிமிடத்துக்கு 73 சுற்று, சராசரி அழுத்தம் 8 கிலோ. திறன் அதே 100 வாட்தான். மலையும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை. சிறு சுமையைப் பலமுறை தூக்குவதா, பெருஞ்சுமையைச் சிலமுறை தூக்குவதா என்பது மட்டும் மாறியிருக்கிறது. சிறு சுமையைத் தசை மணிக்கணக்காகத் தாங்கும்.

கொண்டை ஊசி வளைவில் ஒரு நுட்பம் இருக்கிறது. சாலையின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே உயரத்தில் தொடங்கி ஒரே உயரத்தில் முடிகின்றன. ஆனால் உள்விளிம்பின் நீளம் குறைவு. வளைவுக்குள் சாலை ஒன்றரை மீட்டர் உயர்கிறது என்று கொள்வோம். 11 மீட்டர் ஆரத்தில், வெளிப்புறமாகப் போனால் 35 மீட்டர் தூரம். ஏற்றம் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டும். 5 மீட்டர் ஆரத்தில், உட்புறமாகப் போனால் 16 மீட்டர்தான்; ஏற்றம் 9 சதவீதத்தைத் தாண்டிவிடும். நாம் இடதுபுறம் ஓட்டுகிறவர்கள் என்பதால், ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவுகள் தாமாகவே எளிதாக அமைகின்றன. இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் உள்விளிம்பு நம் மீது ஏறி உட்கார்ந்துகொள்ளும். அங்கே வளைவு வருவதற்கு முன்பே கியரை இறக்கிவிட வேண்டும். அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் நழுவும். உட்புற ஏற்றத்தைத் தவிர்க்க எதிர்ப்பக்கத்துக்கு ஒதுங்குவது மட்டும் கூடவே கூடாது. தேங்காய் லாரி மேலிருந்து வருவது வளைவுக்குப் பின்னால் தெரியாது.

ஏறும்போது சேமித்த 9 லட்சம் ஜூலும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். போக இரண்டே முக்கிய வழிகள்: காற்று, பிரேக். 5 சதவீத இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விட்டால், மூட்டை கட்டிய சைக்கிளின் வேகம் 38 கிலோமீட்டர் வரை ஏறும், அதற்கு மேல் கூடாது. காற்றின் எதிர்ப்பு முழு ஆற்றலையும் வாங்கிக்கொள்கிறது, பிரேக்குக்கு வேலையே இல்லை. வேகத்தைக் குறைத்துப் பிடிக்கப் பிடிக்க பிரேக் ஏற்கும் பங்கு கூடுகிறது. ஆனால் மிக மெதுவாக, 10 கிலோமீட்டரில் இறங்கினால், ஒரு விநாடிக்கு இழக்கும் உயரமே குறைவு. பிரேக்கில் உருவாகும் வெப்பம் 105 வாட் அளவில் அடங்கும். இரண்டுக்கும் நடுவே, 22 கிலோமீட்டர் வேகத்தில்தான் அது உச்சத்தைத் தொடுகிறது: ஏறத்தாழ 170 வாட். பாதுகாப்பு என்று நினைத்துப் பலரும் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கும் வேகம் சரியாக இதுதான். ரிம் கை வைக்க முடியாதபடி சுடும். டியூபில் காற்றழுத்தம் ஏறும். பஞ்சர் ஒட்டிய இடத்தில் பசை இளகும்.

ஆகவே பார்வைக்குத் தெளிவாகத் தெரியும் நேர்ச்சாலையில் வண்டியைச் சற்று ஓடவிட்டு, வளைவுக்கு முன்பு இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். இடையிடையே ரிம் ஆறிவிடும். பழக்கமில்லாதவர்கள் மிக மெதுவாக இறங்கி, அடிக்கடி நின்று ஆறவிடலாம். டிஸ்க் பிரேக்கில் வெப்பம் டியூபை நெருங்காது என்பது உண்மையான நன்மை.

மழை வந்தால் கணக்கு வேறு. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகும் பாதை இந்தக் கணவாய்களில் மிகவும் தாழ்வானது. ரயிலே கடந்து போகிறது, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தின் மேல். ஏற்றம் எளிது. ஆனால் குற்றாலச் சாரல் காலத்தில் ரிம்மில் தண்ணீர்ப் படலம் படிந்து ரப்பர் கட்டை வழுக்கும். பளபளக்கும் குரோம் பூசிய இரும்பு ரிம்மில் இது மிக மோசம். முதல் சில சுற்றுகள் தண்ணீரைத் துடைப்பதிலேயே போய்விடும். எனவே பிரேக்கை முன்கூட்டியே லேசாக உரசவிட வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாயில் மலையே ஏற வேண்டாம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத்தொடர்ச்சி மலை விலகி நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மற்ற இடங்களில் மலையில் மோதுகிறது. இங்கே மட்டும் வழி கிடைத்து நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். காற்றின் எதிர்ப்பு, முகத்தில் மோதும் வேகத்தின் இருமடிப்பெருக்கமாக வளர்கிறது. கோவை பாலக்காட்டைவிடச் சுமார் 300 மீட்டர் உயரம். வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்குப் போவது இறக்கம்தான். அந்த 100 வாட்டில், காற்றில்லாத சமதரையில் 21 கிலோமீட்டர் வேகம் போகலாம். ஜூலை மாதத்தில் எதிரே 15 கிலோமீட்டர் காற்று வீசினால், இறக்கத்திலும் வேகம் 15-ஐத் தொடாது. அதே நாளில் பாலக்காட்டிலிருந்து கோவைக்கு ஏற்றத்தில் மிதித்து வருபவர் 25-ல் வந்துகொண்டிருப்பார்.