ரிலே: ‘உணர்த்தி’ ஏன் பொருந்தாது?

கார் பழுதுபார்ப்பு பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் ‘உணர்த்தியைச் சோதிக்கவும்’ என்ற வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ரிலே என்ற கருவிக்கு வைத்த பெயராம். ரிலே பந்தயத்தின் பெயரைக் கொண்டுவந்து ‘தொடர் ஓட்டத்தைச் சோதிக்கவும்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது வெறும் அசட்டை. படித்த உடனே தெரிந்துவிடும். உணர்த்தியின் கேடு பெரியது. நல்ல தமிழாகத் தோன்றிக்கொண்டே ஆளை வேறு பொருளிடம் கொண்டுபோய் விடுகிறது.

ரிலே பிரெஞ்சு வழி வந்த சொல். வேட்டையில் களைத்தவற்றுக்குப் பதிலாக வழியில் நிறுத்திவைத்த புதிய நாய்களையும், பிறகு குதிரைகளையும் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் தந்திக்கு வந்தது: தொலைவில் நலிந்துபோன மின்துடிப்பைக் கொண்டு அடுத்த மின்சுற்றை இயக்கும் கருவிக்குப் பெயரானது. தமிழில் இதே கருத்துக்கு அஞ்சல் இருந்தது. இலங்கையில் ரிலே பந்தயத்தை இன்றும் அஞ்சலோட்டம் என்கிறார்கள். ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொன்று அஞ்சல் செய்தது. ஆனால் தபால் என்ற பொருள் அச்சொல்லை முழுதாகப் பிடித்துக்கொண்டது. காருக்குள் அதை இனிக் கொண்டுவர முடியாது.

உணர்த்தி ஆகாது என்பதற்குக் காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. உணர்வது உணரி, அதாவது சென்சார்; இன்னொருவரை உணரச் செய்வது உணர்த்தி. அப்படியானால் டாஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். மின்நிலையங்களில் மிகைமின்னோட்டத்தைக் கண்டு சுற்றைத் துண்டிக்கச் சொல்லும் பாதுகாப்பு ரிலேக்கள் உண்மையிலேயே எதையோ உணர்ந்து உணர்த்துகின்றன. அங்கே வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும். காரின் ரிலே எதையும் உணர்வதில்லை. ஏவியதைச் செய்கிறது.

ரேடியேட்டர் மின்விசிறியைப் பாருங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அறிவது உணரி. அந்தத் தகவலைக் கொண்டு கணினி ஆணையிட, விசிறிக்கு மின்சாரம் கொடுப்பது ரிலே. ‘உணரி சரியாக இருந்தால் உணர்த்தியைப் பாருங்கள்’ என்று எழுதினால், படிப்பவர் அச்சுப்பிழை என்று நினைப்பார். நல்ல உணரியைக் கழற்றிப் புதிது வாங்கி மாட்டுவார். ஒரே சுற்றில் அடுத்தடுத்து வரும் இரண்டு பொருள்களுக்கு இரட்டைப் பிள்ளைகளைப் போலப் பெயர் வைப்பது தமிழ்த் தொண்டல்ல.

‘தொடரி’யும் வேண்டாம். தொடர் இணைப்பு என்பதை எட்டாம் வகுப்பு மாணவர்கூட வேறு பொருளில் அறிவார்.

கலைச்சொல் ஆக்குகிறவர்கள் அகராதியைத் திறப்பதற்கு முன் காரின் ஃபியூஸ் பெட்டியைத் திறக்க வேண்டும். வழக்கமான ரிலேயில் 85, 86 என்று எண்ணிட்ட கால்களுக்கு (பின்களுக்கு) இடையே காந்தச் சுருள் இருக்கிறது. மல்டிமீட்டர் வைத்தால் பெரும்பாலும் 50 முதல் 120 ஓம் வரை காட்டும். 30, 87 கால்களுக்கு இடையே இணைப்பு இருக்கக் கூடாது. சுருளுக்கு 12 வோல்ட் கொடுத்தால் ‘டிக்’ என்ற ஒலியுடன் அவ்விரண்டும் இணைய வேண்டும். உள்ளே டையோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) இருந்தால் நேர், எதிர் முனைகளை மாற்றிக் கொடுக்கக் கூடாது. ஒலி வந்தாலே ரிலே நன்றாக இருக்கிறது என்றும் பொருளில்லை. 30, 87 கால்களை இணைக்கும் தொடுமுனை கருகியிருந்தாலும் ஒலி வரும். ஆகவே இணைந்த நிலையில் 30, 87 இடையே மின்தடை ஏறத்தாழ சுழியம்தானா என்று பார்ப்பதும், விளக்கோ விசிறியோ ஓடும்போது அங்கே எவ்வளவு வோல்ட் இழக்கிறது என்று அளப்பதும் அவசியம்.

சுருளில் ஓடுவது பெரும்பாலும் 0.25 ஆம்பியருக்கும் குறைவு. தொடுமுனைகள் தாங்குவது 30 ஆம்பியர் அளவு. சிறிய சொடுக்கிக்கும் பெரிய மின்சுமைக்கும் இடையே நிற்கும் இன்னொரு சொடுக்கி அது. அதனால் இடைச்சொடுக்கி என்பதே என் தேர்வு. விரலைச் சொடுக்குவது போன்ற ஒலியும் அந்தப் பெயரில் இருக்கிறது. ஆனால் பட்டறையிலும் கடையிலும் ரிலே என்று கேட்டால்தான் பொருள் கைக்கு வரும். எனவே எழுதுகிறவர் முதல்முறை ‘இடைச்சொடுக்கி, அதாவது ரிலே’ என்று எழுதி, கால்களின் எண்களையும் தவறாமல் சேர்க்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர் ரிலே என்றே எழுதிவிடலாம். உணர்த்தி என்று மட்டும் எழுத வேண்டாம்.