உறையைத் தொலைத்துவிட்டு வளைகோடு வரையாதீர்கள்

இந்தப் பருவத்திலும் வாய்மொழித் தேர்வுக்கு அதே பிழையுடன், உறையிட்ட காந்தத் துகளைக் கணினியில் உருவகப்படுத்தும் ஓர் ஆய்வேடு வந்தது. 40 நானோமீட்டர் விட்டமுள்ள பெர்மல்லாய் (நிக்கல்-இரும்புக் கலவை) உள்ளகம், அதன்மேல் 4 நானோமீட்டர் தடிமனில் கோபால்ட் உறை. கணக்குக்காகத் துகளைப் பிரிக்கும் சிறு கட்டமோ 10 நானோமீட்டர்! கீழக்கரையிலும் மண்டபத்திலும் நம் பிள்ளைகள் பழைய மடிக்கணினியில் இரவெல்லாம் ஊம்ஃப் (OOMMF) என்னும் காந்த உருவகப்படுத்தல் மென்பொருளை ஓட்டுகிறார்கள் என்பதையும், கட்டத்தைப் பெரிதாக்கினால் விடிவதற்குள் வேலை முடியும் என்பதையும் அறிவேன்.

ஆனால், கட்டம் பெரிதானால் விடை சற்றுத் தோராயமாகும், அவ்வளவுதான் என்ற எண்ணம் முற்றிலும் தவறு. ஒரு கட்டத்துக்கு ஒரே பொருள், ஒரே காந்தமாக்கல் திசை என்பதால், கட்டத்தின் மையம் உறைக்குள் விழாத இடங்களில் உறையே மறைந்துவிடுகிறது. விழும் இடங்களில் அது 10 நானோமீட்டராகத் தடித்துவிடுகிறது. நெத்திலிக்கு அகலக் கண்ணி வலையை எடுத்துச் செல்பவர் நம் கரையில் உண்டா? பெர்மல்லாயின் பரிமாற்ற நீளம், அதாவது காந்தமாக்கல் ஏறத்தாழ ஒரே திசையில் நிற்கும் தூரம், ஏறத்தாழ 5.7 நானோமீட்டர், அதைவிடப் பெரிய கட்டத்தில் காந்தமாக்கல் படிப்படியாகத் திரும்புவதைக் கணக்கு காணவே முடியாது. வட்ட விளிம்பும் படிக்கட்டாகி, இல்லாத காந்த முனைகளை உண்டாக்குகிறது. இவ்வளவுக்கும் மென்பொருள் ஒரு பிழைச்செய்தியும் தராமல், பார்ப்பதற்கு அழகான தயக்க வளைகோட்டை (புலம் மாறும்போது காந்தமாக்கல் பின்தங்கி மாறுவதைக் காட்டும் கோட்டை) வரைந்து கொடுத்துவிடும்.

உறையின் குறுக்கே மூன்று, நான்கு கட்டங்களாவது இருக்கட்டும். கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். காந்த நீக்குத்திறன் (காந்தமாக்கலைச் சுழியாக்கத் தேவையான எதிர்ப்புலம்) கணிசமாக மாறினால் முதல் விடையை எங்கும் எழுதாதீர்கள். விரைவுக்காகத் தணிப்பு மாறிலியை (காந்தமாக்கலின் சுழற்சி எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் குறிக்கும் எண்ணை) 0.5 என வைத்துவிட்டு, அதே ஓட்டத்திலிருந்து காந்தம் திரும்பும் நேரத்தைக் கூறாதீர்கள்.

கோபால்ட் ஆக்சைடு உறையை எடுப்போருக்கு இன்னொன்று. இயற்பியலாளர்கள் மெய்க்கிள்ஜானும் பீனும் 1956-இல் இத்தகைய உறையிட்ட கோபால்ட் துகள்களில் பரிமாற்றச் சார்பை (உறையின் பிணைப்பால் தயக்க வளைகோடு ஒருபக்கம் நகர்வதை) கண்டது, அவற்றைக் காந்தப்புலத்தில் 77 கெல்வினுக்குக் குளிர்வித்த பிறகு. அந்த ஆக்சைடின் எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கு (அண்டை அணுக்களின் காந்தங்கள் எதிரெதிர்த் திசையில் அடுக்கியிருப்பது) 291 கெல்வினில், அதாவது 18 டிகிரி செல்சியசில், குலைந்துவிடும். சித்திரை மாதத்து இராமநாதபுரம் ஆய்வகத்தில் நிலைக்காத அந்த ஒழுங்கை, வெப்பத்தையே கணக்கில் கொள்ளாத ஓட்டத்தில் வைத்துவிட்டு, படத்தின் கீழே ‘அறை வெப்பநிலை’ என்று எழுதுவது எவ்வாறு தகும்?

நெறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்ட அளவு, பொருள் மாறிலிகள், தணிப்பு மாறிலி ஆகியவை குறிப்பிடப்படாத இயலில் கையெழுத்திடாதீர்கள்; இடைமுகப் பரிமாற்றத்தின், அதாவது உள்ளகமும் உறையும் தொடும் இடத்துக் காந்தப் பிணைப்பின், மதிப்பு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைத் தேர்வாளர் கேட்பதற்கு முன் நீங்களே கேட்டுவிடுங்கள்.