முதல் படத்துக்குக் கையெழுத்துப் போடும் முன்: கதைக்குத் தனி ஒப்பந்தம்

"கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்: மொத்தச் சம்பளம் இவ்வளவு." உதவி இயக்குநராகப் பல வருடம் ஓடிக் களைத்தவருக்கு முதல் பட ஒப்பந்தம் பெரும்பாலும் இந்த ஒற்றை வரியோடுதான் வருகிறது. அட்வான்ஸ் கிடைத்த சந்தோஷத்தில் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும். எழுத்தும் இயக்கமும் சட்டத்தின் முன் ஒன்றல்ல.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு படத்துக்கு ஆசிரியர் தயாரிப்பாளர்தான். இயக்கியதற்காக மட்டும் இயக்குநருக்குப் படத்தில் பதிப்புரிமை கிடையாது. ஆனால் திரைக்கதை தனி இலக்கியப் படைப்பு, அது எழுதியவருடையது. படமாகிவிட்டது என்பதாலேயே அந்த உரிமை போய்விடாது. எழுத்து மூலம் ரீமேக் உரிமையைக் கொடுக்காத ஒரு தமிழ்ப் பட வழக்கில், டப்பிங் செய்யும் உரிமை தயாரிப்பாளருக்கு, ரீமேக் உரிமை திரைக்கதை எழுதியவருக்கு என்று 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல முதல் பட இயக்குநர்கள் இந்த உரிமையை விலை பேசாமலே கொடுத்துவிடுகிறார்கள்.

ஆகவே கதைக்கு ஒன்று, இயக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு ஒப்பந்தம் போடுங்கள். கதை ஒப்பந்தத்தில் எந்த மொழி, எந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நாடுகள் என்று தனித்தனியாக எழுத வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகி உங்களிடமே திரும்பும். ஆனால் 'வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர' என்ற விலக்கும் சட்டத்திலேயே இருக்கிறது. இந்த ஒரு வருட விதியைச் சொல்லும் பிரிவு 19(4) பொருந்தாது என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். படப்பிடிப்பே தொடங்காமல் கதைகள் வருடக்கணக்கில் முடங்குவது அந்த வரியால்தான்.

வாயால் சொன்ன ஒன்லைனுக்கு, அதாவது கதையின் ஓரிரு வரிச் சுருக்கத்துக்கு, பாதுகாப்பு இல்லை. கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்பட்ட விதத்துக்குத்தான் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1978இலேயே தெளிவாக்கிவிட்டது. காட்சிவாரியாக எழுதி முடித்த பிறகே கதை சொல்லப் போங்கள். பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பைப் பதிய 500 ரூபாய்தான். பதிவு கட்டாயமில்லை என்றாலும் தேதிக்கு அது நல்ல சான்று. கதை சொன்ன அன்றே மின்னஞ்சலில் பிரதியை அனுப்பிவையுங்கள்.

இயக்குநர் ஒப்பந்தத்தில் சிக்கல் கடைசித் தவணையில் இருக்கிறது. அதை 'ரிலீசுக்கு முன்' என்று எழுதினால், படம் பெட்டிக்குள் கிடக்கும்வரை பணமும் கிடக்கும். முதல் பிரதி, அதாவது எல்லா வேலையும் முடிந்த முழுப் படம், தயாரானதும் என்று எழுதச் சொல்லுங்கள். பாதியில் உங்களை மாற்றினால் அதுவரைக்கான சம்பளம் எவ்வளவு, டைட்டில் கார்டில் யார் பெயர் வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

சீரியல் பக்கம் கணக்கே வேறு. மாதச் சம்பள ஊழியராக இருந்துகொண்டு அந்த வேலைக்காக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்கே சொந்தம். சொந்தக் கதையைக் கொண்டுபோகிறவர் வேலையில் சேரும் முன்பே அதற்குத் தனியாக எழுதி வாங்க வேண்டும். சேர்ந்த பிறகு எழுதியதா, முன்பே எழுதியதா என்று நிரூபிப்பது மிகக் கடினம்.