நின்றே பார்க்கும் வேலையும் காலில் புடைக்கும் சிரையும்

புறங்கையில் நரம்பு புடைத்துத் தெரிந்தாலே உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கையில் தெரிவது பெரும்பாலும் நோயல்ல. ஒல்லியானவர்கள், உடற்பயிற்சி செய்கிறவர்கள், வயதாகித் தோல் மெலிந்தவர்கள் எல்லோருக்கும் அது எடுப்பாகத் தெரியும். வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாகத் தெரியும். வெளியே நீலமாகவோ பச்சையாகவோ தோன்றினாலும் உள்ளே ஓடுவது கருஞ்சிவப்பு ரத்தம்தான். சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாக இறங்கி அந்த ரத்தத்தில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நீல ஒளி மேலேயே சிதறித் திரும்புகிறது. அதனால்தான் இந்த நிறம்.

பேச்சுவழக்கில் நரம்பு என்று சொன்னாலும் இவை சிரைகள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள். இவற்றில் ரத்தம் ஒரே திசையில்தான் ஓடும் என்பதை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில் படம் போட்டே காட்டினார். அதை நீங்களும் செய்து பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்த ஒரு சிரையை விரலால் அழுத்திப் பிடியுங்கள். அங்கிருந்து முழங்கைப் பக்கமாக இன்னொரு விரலால் நீவிவிட்டு, நீவிய விரலை மட்டும் எடுங்கள். இடையில் வால்வு, அதாவது ரத்தம் பின்னால் திரும்பாமல் தடுக்கும் இதழ்க்கதவு இருந்தால், மேலேயுள்ள ரத்தம் அதுவரை வந்து நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள துண்டு தட்டையாகவே கிடக்கும். அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து சட்டென்று நிரம்பும்.

சிக்கல் வருவது காலில். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரச அளவுக்கு இருக்கும். இதயத்திலிருந்து கணுக்கால் வரையிலான ரத்தத்தின் எடை முழுவதும் அங்கே இறங்குகிறது. நடக்கத் தொடங்கினால் ஒவ்வோர் அடிக்கும் கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இறங்கிவிடும். நின்ற இடத்திலேயே நின்றால் இந்த பம்பு ஓடாது.

வருடக்கணக்கில் இப்படி நிற்கும்போது சிரைச் சுவர் தளர்ந்து விரிகிறது. வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொட முடியாமல் போகின்றன. மேலே ஏறிய ரத்தம் கீழே வழிந்து அடுத்த வால்வின் மேல் விழ, அதுவும் கெடுகிறது. இதுதான் வெரிகோஸ் வெயின் என்கிற நரம்புச் சுருட்டல். குடும்ப வாகு, கர்ப்பகாலம், உடல் எடை ஆகியவையும் காரணமாகலாம்.

சாயங்காலமானால் கால் கனக்கும், சாக்ஸ் தடம் ஆழமாகப் பதியும். பிறகு கணுக்காலின் உட்பக்கம் அரிக்கத் தொடங்கும். கசிந்த சிவப்பணுக்களின் இரும்புச்சத்து தங்கித் தோல் கறுக்கும். இந்தக் கட்டத்தில் பலர் அதைத் தோல் நோய் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டே காலம் கடத்துகிறார்கள். அடுத்து வருவது எளிதில் ஆறாத புண். கறுப்பு தெரிந்தவுடனேயே ஒலியலையால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அழுத்தக் காலுறை, லேசர், அறுவை சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அழுத்தக் காலுறை போடக் கூடாது. இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருந்தால் அதுவே ஆபத்தாகிவிடும்.

துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நிற்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம். கேரளத்தில் அவர்கள் போராடியதால்தான் அந்த மாநிலம் 2018-இல் கடைப் பணியாளர்கள் உட்கார வழிசெய்து சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்வதைச் சோம்பல் என்று பார்க்கும் முதலாளிகள் அந்தக் கணுக்கால்களை ஒருமுறை பார்க்க வேண்டும். நிற்க வேண்டிய நேரத்திலும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் பம்பு ஓடும். இரவில் காலை இதயத்தைவிட உயரமாக வைத்துப் படுத்தால் வீக்கம் வடியும்.

ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் வந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. காலை அமுக்கிவிடச் சொல்லாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் 108-ஐ அழையுங்கள்.